டாக்டர் ஆக ஆசை, புத்தகத்தைத் திறக்கத்தான் மனம் வரவில்லை: படிவம் 6 மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பினாங்கில் ஓர் அரசு மருத்துவமனையில் மருத்துவ அதிகாரியாக இருக்கிறேன். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான படிவம் 6, மெட்ரிகுலேஷன் படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உயிரியல் பார்ப்பேன். பாடத்தில் வரும் சந்தேகங்களைவிட, வகுப்பு முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டே "அக்கா, ஒன்று கேட்கலாமா" என்று ஆரம்பிக்கும் கேள்விகள்தான் அதிகம். அநேகமாக எல்லாமே ஒரே கவலையைச் சுற்றி வரும். டாக்டர் ஆக ஆசை இருக்கிறது, ஆனால் அந்த ஆசை தினமும் படிக்க வைப்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். வரை நன்றாகத்தான் படித்தேன். படிவம் 6 வந்ததிலிருந்து ஆசையே மங்கிப்போன மாதிரி இருக்கிறது. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். எஸ்.பி.எம். எழுதும்போது 17 வயது. அப்புறம் படிவம் 6இல் எஸ்.டி.பி.எம். ஒன்றரை வருஷம், மருத்துவப் படிப்பு 5 வருஷம், மருத்துவமனையில் ஹவுஸ்மேன் பயிற்சி 2 வருஷம். இடையில் காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்தால் முழுப் பதிவு பெற்ற டாக்டராக நிற்கும்போது 26, 27 வயது ஆகிவிடும். பத்து வருஷத் தூரத்தில் தொங்கும் ஒரு வெள்ளைக் கோட்டு, இன்று இரவு எட்டு மணிக்கு வேதியியல் புத்தகத்தைத் திறக்க வைக்குமா? எனக்கு வைக்கவில்லை.

என்னை இழுத்துக்கொண்டு போனது என் பாட்டியின் மைலோ டின்.

அப்போது எனக்கு 16 வயது. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். பாட்டிக்கு இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு எல்லாம் உண்டு. மாத்திரைகளைப் பழைய மைலோ டின்னில் போட்டு சாமி படத்துக்குக் கீழே வைத்திருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை அம்மனுக்கு விரதம். வழக்கம்போலக் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டார், பசியாறவில்லை. பதினோரு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கை நடுங்க ஆரம்பித்தது. பேச்சு குழறியது. விரத நாள் என்பதால் சாமி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் விபூதியோடு ஓடி வந்தார். கீழ்மாடியில் இருந்த ஆன்ட்டிக்கும் இனிப்பு நீர். அவர் பார்த்ததுமே "சீனித் தண்ணி கொண்டா" என்று சத்தம் போட்டார். அம்மா மூன்று கரண்டி சீனியைக் கலக்கி மெதுவாகக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் பாட்டி எழுந்து உட்கார்ந்து, "என்ன, எல்லாரும் நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அந்த டின்னைப் பாயில் கவிழ்த்தேன். ஐந்து வகை மாத்திரை, ஒவ்வொன்றும் சின்னப் பிளாஸ்டிக் பையில். பையின் மேல் எல்லாம் மலாய். ஒன்றில் 'செபெலும் மாக்கான்', அதாவது சாப்பாட்டுக்கு முன், என்று இருந்தது. தோட்டத்தில் வளர்ந்த பாட்டிக்கு மலாய் பேச வரும், வாசிக்க வராது. நிறத்தையும் அளவையும் பார்த்தே இத்தனை வருஷம் மாத்திரை போட்டிருக்கிறார். அந்த ஒன்றைப் போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று அவர் மொழியில் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மாத்திரையின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி, பக்கத்தில் சூரியன், சாப்பாட்டுத் தட்டு, நிலா என்று வரைந்து கொடுத்தேன். அடுத்த தடவை கிளினிக்குக்கு நானும் கூடப் போய், விரத நாளில் என்ன செய்வது என்று டாக்டரிடமே கேட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ஹார்மோன் பாடத்தில் கணையம் வந்தது. சர்க்கரை ஏறினால் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கும் என்று படித்தபோது அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை நினைவுக்கு வந்தது. அது கிளிக்லசைட். அந்த பீட்டா செல்களைத் தூண்டித்தான் அது வேலை செய்கிறது. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. அந்தப் பக்கத்தைப் படி என்று யாரும் என்னைத் தள்ள வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஊக்கத்தை டாக்டர்களைப் பார்த்துத் தேடாதீர்கள், நோயாளிகளின் பக்கத்தில் போய் உட்காருங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம் வீடுகளில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒருவருக்கு. நீங்கள் படிக்கும் பாடம் உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது.

சரி அக்கா, நோயாளிகளை நான் எங்கே போய்ப் பார்ப்பது? மாணவனை யார் உள்ளே விடுவார்கள்?

முதலில் வீடு. தாத்தாவோ அத்தையோ அரசு கிளினிக்குக்குப் போகும்போது கூடப் போங்கள். எண் எடுத்துவிட்டுக் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சைக் கேளுங்கள். யார் எதற்குப் பயப்படுகிறார்கள், யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும். டாக்டர் அறைக்குள் கவனித்துப் பாருங்கள். நம் பெரியவர்கள் புரிந்தாலும் புரியாவிட்டாலும் "சரி டாக்டர்" என்று தலையாட்டுவார்கள். வெளியே வந்ததும், "என்னம்மா சொன்னார்?" என்று உங்களிடம் கேட்பார்கள்.

அப்புறம் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் மாதிரி அமைப்புகளில் முதலுதவி கற்றுக்கொள்ளலாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில் முதலுதவிக் கூடாரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே நாளில் எத்தனை பேர் வெயிலில் மயங்கி வருவார்கள் என்று. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் டயாலிசிஸ் மையங்களிலும் முன்கூட்டியே கேட்டால் சில இடங்களில் உதவிக்குச் சேர்த்துக்கொள்வார்கள். மாதம் இரண்டு மணி நேரம் போதும். படம் மட்டும் எடுக்காதீர்கள். நோயாளியின் பெயரையும் நோயையும் வெளியே பேசாதீர்கள். அந்தப் பழக்கம் இப்போதிருந்தே வர வேண்டும்.

முதல் பருவத்தில் வேதியியலில் சி வந்துவிட்டது. இனிமேல் டாக்டர் ஆசை வீண்தானே?

வீண் இல்லை. ஆனால் நிலைமையை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அரசுப் பல்கலைக்கழக மருத்துவ இடத்துக்குப் போட்டி கடுமை. மொத்தச் சராசரிப் புள்ளியான பி.என்.ஜி.கே. 4.00க்குப் பக்கத்தில் இருப்பவர்களோடுதான் நிற்க வேண்டியிருக்கும். அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் ஒதுக்கும் யு.பி.யு.வின் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. ஆகவே ஒரு சி கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் எஸ்.டி.பி.எம். 2012லிருந்து மூன்று பருவமாக நடக்கிறது. சறுக்கிய பருவத்தை மறுபடி எழுத வழி இருக்கிறது. எனக்கும் முதல் பருவத்தில் வேதியியல் அடி வாங்கியது. ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. அந்த வாரத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் வருத்தம், மதிப்பெண்ணை நினைத்து இல்லை.

அப்புறம் ஆசிரியை ஒருவர் ஒரு வேலை கொடுத்தார். பள்ளிச் சோதனைத் தாள்களை எல்லாம் எடுத்து, போன ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் காரணத்தை எழுது என்றார். தெரியாமல் விட்டதா, தெரிந்தும் எழுதத் தெரியாமல் போனதா, நேரம் போதாமல் போனதா? எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் இரண்டாவது வகை. மோல் கணக்கில் மில்லிலிட்டரை லிட்டராக மாற்றாமல் விட்டிருந்தேன். அதுவும் ஒரே தாளில் நான்கு இடத்தில். நான் வேதியியலுக்கு லாயக்கில்லை என்று ஒரு வாரம் அழுததற்குக் காரணம், ஆயிரத்தால் வகுக்க மறந்தது! அன்றிலிருந்து கணக்கைத் தொடங்குமுன் அலகை எழுதிவிட்டுத்தான் எண்ணை எழுதுவேன். இன்றைக்கு வார்டில் குழந்தைக்கு மருந்தளவு கணக்குப் போடும்போதும் அலகுதான் முதலில். அங்கே ஆயிரம் தப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சி வாங்கியவர்களுக்கு என் யோசனை அதுதான். தாளை மறைத்து வைக்காமல், போன புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுங்கள்.

படிக்க உட்கார்ந்தால் கை தானாகவே கைப்பேசியைத் தேடுகிறது.

கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். கவிழ்த்து வைத்தாலும் மேசையில் இருந்தால் கண் அங்கேதான் போகும். எங்கள் வகுப்பில் ஒரு தம்பி அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி, மேலே அம்மாவின் இடிகல்லை வைப்பான். இடிகல்லைத் தூக்கும் நேரத்துக்குள் புத்தி வந்துவிடுமாம். அவனுக்கு அது வேலை செய்கிறது.

இன்னொன்று, "இன்று உயிரியல் படிக்க வேண்டும்" என்று உட்காராதீர்கள். அது எவ்வளவு பெரிய மலை! "சிறுநீரகத்தின் நெஃப்ரானைப் பார்க்காமல் வரைய வேண்டும்" என்று உட்காருங்கள். 25 நிமிஷம் போதும். நான் கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வரைவேன். பௌமன் கிண்ணம் வரும், அருகுச் சுருள் குழல் வரும், ஹென்லி வளைவில் எந்தப் பக்கம் தண்ணீர் போகும், எந்தப் பக்கம் உப்பு போகும் என்பதில் கை நின்றுவிடும். நின்ற இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம். புத்தகத்தைத் திறந்து அதை மட்டும் பார்த்துவிட்டு மூடி, மறுபடி வரையுங்கள்.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதினார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள், திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று காட்டினார்கள். மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போவது படித்த மாதிரி ஒரு திருப்தியைத் தரும், அவ்வளவுதான். மனம் சோர்ந்து போவதற்குப் பாதிக் காரணம், மணிக்கணக்காக உட்கார்ந்தும் ஒன்றும் நிற்காததுதான். முறையை மாற்றிப் பாருங்கள், சோர்வும் கொஞ்சம் குறையும்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் ஏறும் என்கிறார் அப்பா.

மணிக்கணக்கு எனக்கு முக்கியமாகப் படவில்லை. பள்ளி நாளில் கவனமாக மூன்று மணி நேரம் நடந்தால் நல்லது. நான்கு மணிக்கு எழுவதாக இருந்தால் ஒன்பது மணிக்குப் படுத்துவிட வேண்டும். பன்னிரண்டுக்குப் படுத்து நான்குக்கு எழுந்தால் படித்தது தங்காது. ஏனென்றால் பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்துவது தூக்கத்தில்தான். அப்பாவிடம் இதைப் பணிவாகச் சொல்லுங்கள்.

வீட்டில் சத்தம் என்றால் கிரீன் லேனில் பினாங்கு டிஜிட்டல் நூலகம் இருக்கிறது, பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் பக்கம். எங்கள் பிள்ளைகள் சிலர் அங்கேதான் உட்காருகிறார்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். ஆங்கிலத்தில் பாடம் என்றாலே பயமாக இருக்கிறது.

நானும் தமிழ்ப்பள்ளிதான். மருத்துவப் படிப்பு ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது, முயெட் என்ற ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. நான் செய்தது இது. ஒவ்வொரு பாடத்திலும் பத்துச் சொற்களை எடுத்து, அவற்றைக் கொண்டு பாட்டிக்குத் தமிழில் விளக்குவேன். பாட்டிக்குப் புரியும்படி சொல்ல வந்துவிட்டால் எனக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அதையே ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதுவேன். முதலில் தப்பும் தவறுமாகத்தான் வந்தது. ஆறு மாதத்தில் கை பழகிவிட்டது.

ஒரு விஷயம் நினைவில் வையுங்கள். இன்று என் வார்டில் ஒரு தமிழ்ப் பாட்டி வந்து, என் பெயர் அட்டையைப் பார்த்து, "தமிழா கண்ணு?" என்று கேட்கும்போது அவர் முகத்தில் வரும் நிம்மதியை என்னால் சொல்லில் கொண்டுவர முடியாது. மார்வலியை 'சாக்கிட் டாடா' என்று மட்டும் சொல்லத் தெரிந்தவர், தமிழில் கேட்டதும், "நெஞ்சில அம்மிக்கல்ல வச்ச மாதிரி, மாடி ஏறுனா வருது, உட்கார்ந்தா போவுது" என்று சொல்வார். அந்த ஒரு வரியில் பாதி நோயறிதல் முடிந்துவிடும். உங்கள் தமிழ் உங்களுக்குப் பாரம் இல்லை.

என் தோழிகள் எல்லாம் மெட்ரிகுலேஷன் போய்விட்டார்கள். நான் மட்டும் இன்னும் பள்ளிச் சீருடையில் இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

கெப்பாளா பத்தாஸ் மெட்ரிகுலேஷன் கல்லூரியிலிருந்து அவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்தால் மனம் கஷ்டப்படும், தெரியும். அந்தப் படிப்பு பெரும்பாலும் ஒரு வருஷம், நமக்கு ஒன்றரை. நீங்கள் இழப்பது சில மாதங்கள். வார்டில் யாரும் உங்களிடம் எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டதே கிடையாது. தோழிகளின் கைப்பேசிக் குழுவை மூன்று மாதத்துக்கு மௌனமாக்கி வையுங்கள். உண்மையான தோழி நேரில் வந்து பேசுவாள்.

உண்மையைச் சொன்னால், இது என் ஆசையே இல்லை. அம்மா அப்பாவின் ஆசை. அதற்காகப் படிப்பது தப்பா?

தப்பில்லை. நம்மில் நிறையப் பேருக்கு அங்கேதான் தொடங்குகிறது. லாரி ஓட்டும் அப்பாவும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் அம்மாவும் தங்கள் பிள்ளை டாக்டராக வேண்டும் என்று நினைத்தால் அதில் இருக்கும் அன்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து வருஷமும் இரவுப் பணியும் தாங்குவது கஷ்டம்.

அதனால் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மாதிரி நோயாளிகளோடு நாலைந்து தடவை இருந்து பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்த மனிதர்கள் மனதில் வருகிறார்களா? அவருக்கு ஏன் கால் வீங்கியது என்று புத்தகத்தைப் புரட்டத் தோன்றுகிறதா? தோன்றினால் ஆசை உங்களுடையதாக மாறிவிட்டது. ஒன்றுமே தோன்றவில்லை, சீக்கிரம் கிளம்பினால் போதும் என்று இருந்தால், அதையும் மதித்து, பெற்றோரிடம் இப்போதே பேசுங்கள். மூன்றாம் வருஷத்தில் பேசுவது எல்லாருக்கும் அதிக வேதனை. தனியாகப் பேசப் பயமாக இருந்தால் மாமாவையோ சித்தியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. நான் எப்படி டாக்டர் ஆவது?

ஆகலாம். ரத்தத்தைப் பார்த்ததும் சிலருக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடுகின்றன, அதனால் மயக்கம். கோழைத்தனம் இல்லை, உடம்பின் ஓர் அனிச்சைச் செயல். தலை சுற்றுவது போல் தெரிந்தால் கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடித்து, அப்புறம் தளர்த்துங்கள். நாலைந்து தடவை செய்யுங்கள். அழுத்தம் ஏறி மயக்கம் விலகும். அறுவைக் கூடத்தில் முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் இன்று அறுவை மருத்துவர்களாக இருக்கிறார்கள். பசியாறாமல் போகாதீர்கள்.

யாரைப் பார்த்து ஊக்கம் பெறுவது? நம் ஊரில் யாராவது இருக்கிறார்களா?

ஊ லியென் தே. 1879இல் பினாங்கில் பிறந்தவர், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தார், குயின்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜ் போனார். 1910 கடைசியில் சீனாவின் ஹார்பின் நகரில் பிளேக் பரவியபோது அங்கே அனுப்பப்பட்டார். எலித்தெள்ளு இல்லாமலே மூச்சுக்காற்றில் பரவும் நுரையீரல் பிளேக் இது என்று கண்டு, பஞ்சும் காஸ் துணியும் வைத்துத் தைத்த முகக்கவசத்தைப் போடச் சொன்னார். நம்பாமல் கவசம் போட மறுத்த மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாளில் அதே நோயில் இறந்தார். 1911க்குள் நோய் அடங்கியது. 1935இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். எனக்குப் பிடித்தது இதற்கப்புறம் வரும் பகுதி. 1937இல் மலாயாவுக்குத் திரும்பி ஈப்போவில் சாதாரண கிளினிக் டாக்டராக உட்கார்ந்து பல வருஷம் நோயாளிகளைப் பார்த்தார். 1960இல் பினாங்கிலேயே காலமானார்.

நம்மவர்களில் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ். நுரையீரல் மருத்துவர். தோட்டத் தொழிலாளர்களோடு வருஷக்கணக்காக நின்றவர், 2008லிருந்து 2018வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர். அரசியலில் யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், ஏழை நோயாளியின் சிக்கல் மாத்திரையோடு முடிவதில்லை என்பதை அவர் வாழ்க்கையிலிருந்து கற்கலாம்.

வீட்டில் காசு இல்லை. அந்தக் கவலையிலேயே படிப்பு ஓடுவதில்லை.

அரசுப் பல்கலைக்கழகத்தில் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றுக்கொள்கிறது. மாணவர் கட்டும் தொகைக்கு அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் இருக்கிறது. தனியாரில் சில லட்சம் வெள்ளி ஆகும். பினாங்கில் செப்போய் லைன்ஸ் சாலையில் இருக்கும், முன்பு பினாங்கு மருத்துவக் கல்லூரி என்று 1996இல் தொடங்கிய கல்லூரியில், மாணவர்கள் டப்ளினில் பாதி, இங்கே பாதி என்று படிக்கிறார்கள். நல்ல படிப்பு, ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் எட்டாது. கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி.யின் கடனுதவிக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று வரும் முகவர்களிடம் காசு கட்டுமுன், அந்தப் பல்கலைக்கழகம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வீட்டை அடகு வைத்து அனுப்பிய பிறகு பட்டியலைத் தேடிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்னத் தகவல், பலர் தவறாக நினைப்பதால் சொல்கிறேன். யு.எஸ்.எம். என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் இங்கே மிண்டனில் இருந்தாலும் மருத்துவப் பள்ளி கிளந்தானில் குபாங் கிரியானில் இருக்கிறது. "வீட்டிலிருந்தே போய்வரலாம்" என்று கனவு காணாதீர்கள். கெரிக், ஜெலி வழியாக மலைச் சாலையில் ஏழு மணி நேரம், இரவில் யானை குறுக்கே வந்தால் பேருந்து நின்றுதான் போகும். நான் அங்கேதான் படித்தேன். கிளந்தான் மலாய் புரிய ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஊர் மக்கள் என்னைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

ஒப்பந்த டாக்டர்களின் செய்தியைப் படித்தால் பயமாக இருக்கிறது. இவ்வளவு கஷ்டப்பட்டு வேலை இல்லாமல் போனால்?

பயம் நியாயமானது. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த டாக்டர்கள் நாடு முழுக்க வேலை நிறுத்தம் செய்தார்கள். அதற்கப்புறம் நிரந்தர இடங்கள் கூடியிருக்கின்றன, ஆனாலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வேலைப்பளு உண்மை, சம்பளக் குறை உண்மை. நீங்கள் டாக்டராகி நிற்கும்போது இந்த ஏற்பாடு எப்படி இருக்கும் என்று இன்று சொல்ல முடியாது. நோயாளிகள் இருப்பார்கள், அது மட்டும் நிச்சயம். செய்தியை வாரம் ஒரு முறை படியுங்கள், படிக்க உட்காருமுன் வேண்டாம்.

எல்லாம் செய்தும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை என்றால்?

அழுங்கள், இரண்டு நாள். அப்புறம் மேல்முறையீடு செய்யுங்கள். மருந்தியல், பல் மருத்துவம், உணவியல், இயன்முறை, கதிரியக்கம், தாதியம் எல்லாமே என் வார்டில் தினமும் என்னோடு நிற்கும் துறைகள். மலேசியாவின் முதல் மருந்தியல் பள்ளி 1972இல் மிண்டனில்தான் தொடங்கியது. என் பாட்டியின் மைலோ டின்னுக்கு அன்று முதலில் தேவைப்பட்டவர், உட்கார்ந்து விளக்கும் ஒரு மருந்தாளர். இதை இரண்டாம் தரம் என்று யாராவது சொன்னால், வார்டில் ஒரு நாள் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்கம் வருவதில்லை. எதிலும் பிடிப்பில்லை. சில நேரம் இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

இதைப் படிப்புச் சோர்வு என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம் இது, அரசு கிளினிக்கிலேயே பார்க்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை எந்த நேரமும் 03-7627 2929 என்ற எண்ணில் அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டாம். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அன்றே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தேர்வு அடுத்த வருஷமும் வரும். நீங்கள் எங்களுக்கு வேண்டும்.

பெற்றோர் கேட்பது: பிள்ளையை எப்படி உற்சாகப்படுத்துவது?

அண்ணன், அக்கா, சொந்தக்காரர்கள் முன்னால் "எங்க டாக்டரம்மா" என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள், பிள்ளைக்கு அது நெஞ்சில் கல். ராத்திரி ஒரு கிளாஸ் மைலோ கலக்கி மேசையில் வைத்துவிட்டு, மதிப்பெண்ணைப் பற்றி எதுவும் கேட்காமல் போய்ப் படுங்கள்.

நேர்காணலில் "ஏன் டாக்டர் ஆக வேண்டும்" என்று கேட்டால் என்ன சொல்வது?

சேவை செய்ய ஆசை என்று எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். அதற்கு முதலில் ஒருவரைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் மைலோ டின்னைப் பற்றிச் சொன்னேன். என் மலாய் அன்று பதற்றத்தில் தடுமாறியது. நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "அந்த டின்னில் என்னென்ன இருந்தன?" என்று கேட்டார். மெட்ஃபோர்மின், கிளிக்லசைட், பெரின்டோப்ரில், அம்லோடிபின், சிம்வாஸ்டாட்டின். "எது எப்போது?" நோட்டுப் புத்தகத்தில் வரைந்த சூரியன், தட்டு, நிலா அப்படியே கண்ணுக்குள் வந்தன, வரிசையாகச் சொன்னேன். அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பாட்டி தவறி ஆறு வருஷம் ஆகிறது. டின் இன்னும் அதே இடத்தில், சாமி படத்துக்குக் கீழேதான் இருக்கிறது. இப்போது அதில் அம்மாவின் மாத்திரைகள்.